வலை கனக்கவே இல்லையே!

ஒரு மேஜையைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் சினிமா எடுத்தால் பார்ப்பீர்களா? நான் பார்த்தேன். இரண்டு தடவை.

மேஜை என்றால் சாப்பாட்டு மேஜை இல்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் உட்கார்ந்துகொண்டு வரிசை வரிசையாகக் குமிழ்களைத் திருகுவாரே, அந்த மிக்ஸிங் கன்சோல். லாஸ் ஏஞ்சலீஸில் வான் நைஸ் என்ற பகுதியில் ‘சவுண்ட் சிட்டி’ என்று ஒரு ஸ்டுடியோ 1969-ல் ஆரம்பித்தது. பெயர்தான் சிட்டி. பார்த்தால் நம் ஊர் பழைய குடோன் மாதிரி இருக்கும். சுவரில் கூட கார்ப்பெட் ஒட்டியிருப்பார்கள், அதுவும் அழுக்கு பிரவுன் கலரில். ஆனால் 1973-ல் இங்கிலாந்தின் நீவ் கம்பெனியிலிருந்து அந்த மேஜையை வரவழைத்தார்கள். விலை 75 ஆயிரம் டாலருக்கு மேல். ஸ்டுடியோ முதலாளி குடியிருக்க வாங்கிய வீட்டின் விலையைப் போல இரண்டு பங்கு! அந்த மேஜை வழியாக ஃப்ளீட்வுட் மேக் பாடினார்கள். 1991-ல் நிர்வாணா என்ற மூன்று பையன்கள் வேனில் வந்து இறங்கி, பதினாறு நாளில் ஒரு ஆல்பத்தை முடித்துக்கொண்டு போனார்கள். ‘நெவர்மைண்ட்’. அதற்கு அப்புறம் நடந்தது ராக் சரித்திரம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பெட்ரூமில் உட்கார்ந்தே ஆல்பம் போடலாம் என்று ஆனது. டேப் சுற்றுகிற ஸ்டுடியோவுக்கு யார் வருவார்கள்? 2011-ல் மூடினார்கள். (பிற்பாடு வேறு ஆட்கள் கைக்கு மாறி மறுபடி திறந்தது தனிக் கதை.) நிர்வாணாவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் அந்த மேஜையை விலைக்கு வாங்கி, தன் ஸ்டுடியோவில் கொண்டுபோய் வைத்தார். அதோடு விட்டாரா? அந்த மேஜையின் கதையை டாக்குமென்டரியாக எடுத்தார். அதில் பாடியவர்களையெல்லாம் கூப்பிட்டு, அதே மேஜையில் புதுப் பாட்டுகள் போட வைத்தார். ‘சவுண்ட் சிட்டி: ரியல் டு ரீல்’ என்று 2013 மார்ச்சில் ஆல்பம் வந்தது. பதினோரு பாட்டு. ஸ்டீவி நிக்ஸ், ரிக் ஸ்ப்ரிங்ஃபீல்ட், ட்ரென்ட் ரெஸ்னர் என்று ஒரு பட்டாளம். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வந்து, நிர்வாணாவில் மிச்சம் இருந்தவர்களோடு உட்கார்ந்து அங்கேயே ஒரு பாட்டு உண்டாக்கினார். 2014-ல் ஆல்பத்துக்கு ஒன்று, அந்தப் பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு கிராமி.

ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். விஷயம் கடலூர் பக்கம் வரப்போகிறது.

நமக்கு ‘சவுண்ட் ட்ராக்’ என்றால் சினிமாப் பாட்டு. படம் வருவதற்கு முன்னாலேயே கேசட் வந்து டீக்கடையில் தேய்ந்துவிடும். டாக்குமென்டரி என்றால் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கம் போட்ட நியூஸ் ரீல். வெள்ளச் சேதத்தைப் பார்வையிட மந்திரி ஹெலிகாப்டரில் வருவார். பின்னணியில் ஒரு சோக ஷெனாய். அதற்குள் முறுக்கு வாங்கிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்து போனவர்கள் நாம். டாக்குமென்டரிக்கென்று பாட்டுக்காரர்கள் ஒன்றுகூடி ஆல்பம் போடுவது, அதைக் காசு கொடுத்து வாங்குவது எல்லாம் நமக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம்.

ஆனால் இந்த வகையில் பெரிய காரியம் ஒன்று நடந்ததே நம் வங்கக் கடலுக்காகத்தான். 1970 நவம்பரில் ஒரு புயல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் கரையில் அடித்தது. செத்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது. அது ஆறுவதற்குள் 1971-ல் போர், அகதிகள். வங்காளியான ரவிசங்கர் மனசு பொறுக்காமல் சிஷ்யர் ஜார்ஜ் ஹாரிஸனிடம் சொல்ல, அவர் டெலிபோனை எடுத்தார். 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க் மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் என்று ஒரே மேடையில். மதியம் ஒரு காட்சி, ராத்திரி ஒரு காட்சி. மூன்று இசைத்தட்டு அடங்கிய ஆல்பம் வந்தது, 1972-ல் சினிமாவும் வந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் ஸ்ருதி சேர்த்து முடித்ததுமே கச்சேரி முடிந்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் கைதட்டிய காமெடியும் அதில் பதிவாகியிருக்கிறது. டிக்கெட் வசூல் இரண்டரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. அது உடனே யுனிசெஃபுக்குப் போனது. ஆல்பத்திலும் சினிமாவிலும் வந்த பெரிய பணம் வரித் தகராறில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடந்தது. அகதிக் குழந்தைகள் அதற்குள் வளர்ந்து வாலிபர்களாகியிருப்பார்கள்.

அந்தச் சினிமாவில் அடிபட்ட ஜனங்களின் முகத்தை நீங்கள் பார்க்கலாம். குரலைக் கேட்க முடியாது. அவர்களுக்காகப் பாடினார்கள். அவர்கள் பாடவில்லை. கோடி ரூபாய் நல்ல மனசு அது, குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் படகுக்காரர்களின் பாட்டுக்குப் பேர்போன ஒரு தேசத்தில், புயலடித்த கரையில் ஒரு பாட்டுக்காரன்கூடவா மிச்சமில்லாமல் போனான் என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு இப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் குடிகாடு.

சிரிக்காதீர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சென்னை நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியை நீங்களும் கேட்க வேண்டாம். குடி என்றால் குடியிருப்பு. கடலூர் ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், தெற்கே கொஞ்ச தூரத்தில். ரோட்டுக்குக் கிழக்கே உப்பனாறு. ஆற்றுக்கு அந்தாண்டை ஒரு மணல் திட்டு மாதிரி நீளமாக நிலம், அதற்கப்புறம் கடல். அந்தத் திட்டில் சோதிக்குப்பம், ராசாப்பேட்டை என்று மீனவர் ஊர்கள். எங்கள் ஆற்றங்கரையில் 1980-களில் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, சாயம், ரசாயனம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். 2004-ல் எங்கள் பக்கத்து ஜனங்களே பிளாஸ்டிக் பக்கெட்டில் காற்றைப் பிடித்து, பையில் அடைத்து, அமெரிக்காவில் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. காற்றைப் பிடித்து அனுப்ப ஆள் கிடைத்தது. அந்தக் காற்றில் வந்த பாட்டைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

பாட்டு என்றால் அம்பா. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது. சினிமாவில் வருகிற ‘ஐலசா’ அதன் பத்தாவது கார்பன் காப்பி. கரைவலை தெரியுமா? ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகில் போய்க் கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே வந்து, இன்னொரு முனைக் கயிற்றைக் கரையில் தள்ளிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். மணிக்கணக்காக. முப்பது, நாற்பது பேர் ஒரே நொடியில் இழுத்தால்தான் வலை நகரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் கை எரிவதுதான் மிச்சம். அந்த ஒரே நொடியை உண்டாக்குவதற்குத்தான் பாட்டு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார். அப்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பதில் சொல்கிற இடத்தில் இழுப்பார்கள். பதிலில் எந்த எழுத்தில் அழுத்தம் விழுகிறதோ அந்த எழுத்தில் கயிறு ஒரு முழம் வரும்.

ஆக, அம்பா ஒரு கருவி. துடுப்பு, நங்கூரம், கயிறு மாதிரி அதுவும் ஒன்று. அடி எடுக்கிற ஆள் அன்றைக்கு வாயில் வந்ததைச் சேர்த்துக்கொள்வார். சாமி பெயர் வரும். பக்கத்தில் நிற்பவனின் மாமியார் வருவாள். கூலியைக் குறைத்த வலைக்காரரை அவர் முன்னாலேயே பாட்டில் வைத்து வாங்குவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், கோபித்துக்கொண்டால் வலை நின்றுவிடும். சின்ன வயசில் அப்பாவோடு தோணியில் உப்பனாற்றைத் தாண்டி மீன் வாங்கப் போகும்போது கேட்டிருக்கிறேன். தமிழில் எனக்குத் தெரிந்த முதல் கெட்ட வார்த்தைகள் எல்லாம் அங்கே கற்றவைதான்.

2004 டிசம்பர் 26.

அதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் செத்தவர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேல். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று எங்களுக்கு மாமன் மச்சான் ஊர் மாதிரி இருந்த பெயர்கள் எல்லாம் டி.வி.யில் கீழே ஓடின. கேமராக்காரர்கள் வந்தார்கள். அழுகிறவர்களை எடுத்தார்கள். அழுது முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டு, மறுபடி அழ வைத்து எடுத்தார்கள். அதற்குப் பின்னால் ஸ்டுடியோவில் சோக வயலின் சேர்த்துப் போட்டார்கள். அழுகைக்கே பின்னணி இசை போட்ட ஆட்கள்! ஒப்பாரி என்ற ஒன்று இந்த ஜனங்களுக்குத் தெரியும், அது வயலினைவிட நன்றாக வேலை செய்யும் என்று ஒரு எடிட்டருக்குக்கூடத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருந்த எர்த்சிங்க் என்ற சின்ன இசை நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. சுனாமி அடித்த கரைகளுக்கே போவது. அழுகையை விட்டுவிட்டு அங்கே உள்ளவர்களின் பாட்டைப் பதிவு செய்வது. ‘லயா ப்ராஜெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தோனேஷியா, தாய்லாந்து, மியான்மர், இலங்கை, மாலத்தீவு, நம் தமிழ்நாடு என்று ஆறு தேசங்கள். ஹெரால்ட் மான்ஃபில்ஸ் இயக்கினார். இசையைக் கவனித்தவர்கள் பேட்ரிக் செபாக், யோத்தம் ஆகம் என்ற இருவர். ஊர்க்காரர்கள் எங்கே பாடுவார்களோ அங்கேயே மைக்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். கடற்கரை, மரத்தடி, வீட்டு வாசல். பதிவு செய்ததைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று கோத்தார்கள். ஒரு தேசத்தின் குரலுக்குக் கீழே இன்னொரு தேசத்தின் தாளம். நடுவில் கிட்டார், பேஸ், எலெக்ட்ரானிக் சமாச்சாரங்கள். 2007 வாக்கில் சினிமாவாகவும் ஆல்பமாகவும் வந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிற படம். விளக்கம் சொல்கிற குரலே கிடையாது.

நுங்கம்பாக்கத்தில் அப்போது இருந்த ஒரு பெரிய கடையில் அதை வாங்கினேன். ஹிந்தி ரீமிக்ஸ்களுக்கும் யோகா மியூசிக்குக்கும் நடுவில், எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அதில் என்னை உட்கார வைத்த இடம் நாகூர். எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அதே கடற்கரை. தர்காவில் பாடுகிற பாவாக்கள். அப்துல் கனி, அஜா மைதீன், சபூர் மைதீன் பாபா சாபிர் என்று மூன்று பேர். நாகூர் என்றால் நமக்கு ஹனிபா. அந்தக் கம்பீரம் வேறு. இது அடித்தொண்டையிலிருந்து எழுந்து, மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறி... சொல்லத் தெரியவில்லை. ‘யா அல்லாஹ்’ என்ற அந்தப் பாட்டு முடிந்ததும் ரிமோட்டைத் தேடினேன், மறுபடி போட. பின்னாடி இந்த மூவரை வைத்தே ‘நாகூர் செஷன்ஸ்’ என்று தனி ஆல்பமும் போட்டார்கள்.

கவனியுங்கள், இப்போது மூன்று பெயர்களை எழுதினேன். எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது இதுதான். நாட்டுப்புற இசைத் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். மேலே பதிவு செய்த பேராசிரியரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பாடியவர்? ‘மீனவர், சோழமண்டலக் கடற்கரை’. ‘வயதான பெண், நடவுப் பாட்டு’. முடிந்தது கதை. சுனாமியிலும் அப்படித்தானே இருந்தோம்? எண்ணிக்கையாக. டேவ் க்ரோலின் ஆல்பத்தில் எந்தப் பாட்டுக்கு யார் பேஸ் கிட்டார் வாசித்தார்கள் என்றுகூட எழுதியிருக்கும். அது அவர்கள் ஊரில் சாதாரணம். நாகூர் தர்கா வாசலில் பாடியவர்களுக்கும் அட்டையில் பெயர் வருவது நம் ஊரில் ஒரு செய்தி.

ஆனால் நான் சந்தோஷப்பட்டு முடித்துவிடவில்லை. 2008-ல் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டி.வி.டி.யை எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றுக்கு அந்தாண்டை இருந்த ஒரு பெரியவரிடம் போட்டுக் காட்ட. அப்பாவுக்குச் சிநேகிதர், எனக்குப் பெரியப்பா. கரைவலையில் அடி எடுத்துக் கொடுத்த ஆள். அவர் குரலைக் கேட்டுத்தான் நான் மேலே சொன்ன கெட்ட வார்த்தைகளைக் கற்றது. சுனாமியில் அவர் கட்டுமரம் போய்விட்டது. உயிர் தப்பினார். சுனாமி குடியிருப்பில் வீடு கொடுத்திருந்தார்கள்.

முழுசாகப் பார்த்தார். நாகூர்ப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், “நல்லாத்தான் பாடறாங்க தம்பி. மேளந்தான்...” என்று இழுத்தார்.

“மேளத்துக்கு என்ன பெரியப்பா?”

“ஒரே சீரா போவுதே. வலை கனக்கவே இல்லையே!”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்பாவில் தாளம் ஒரே வேகத்தில் போகாது. ஆரம்பத்தில் கயிறு சும்மா வரும், பாட்டு துள்ளும். வலை நிலத்தில் உரசி, மீன் ஏறி, கனம் கூடக்கூடப் பாட்டு இறங்கும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு நீளும். கடைசியில் மடி கரைக்கு வந்து மீன் துள்ளுவது தெரிந்ததும் மறுபடி ஓட்டம் பிடிக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது கடல். ஸ்டுடியோவில் அப்படி முடியாது. ஆறு தேசத்துக் குரல்களை ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரு வேகத்தில் நிறுத்தியாக வேண்டும். கம்ப்யூட்டர் டக், டக் என்று எண்ணிக்கொண்டிருக்கும். கோர்வை அழகாக வரும். கனம் வராது. செபாக்கும் ஆகமும் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இந்தோனேஷியாவின் தாளத்தையும் நாகூரின் குரலையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேறு வழி கிடையாது. ஆனால் பெரியவர் பிடித்ததை எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை.

சவுண்ட் சிட்டிக்காரர்களும் இதையேதான் படம் முழுக்கப் புலம்புகிறார்கள், அவர்கள் பாஷையில். டேப்பில் பதிவு செய்கிற காலத்தில் நாலு பேர் ஒரே அறையில் நின்று வாசித்தாக வேண்டும். ஒருத்தன் கொஞ்சம் முந்துவான், இன்னொருத்தன் பிந்துவான், அந்தத் தள்ளாட்டத்தில்தான் உயிர் இருந்தது. கம்ப்யூட்டர் அதையெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டது என்கிறார்கள். படம் வந்ததும் நான் நினைத்துக்கொண்டேன், இதைப் பெரியப்பா ஐந்து வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே என்று.

2015-ல் ரேடியோஹெட்டின் ஜானி க்ரீன்வுட், ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் ராஜஸ்தான் பாடகர்களோடு தங்கி ‘ஜுனூன்’ என்று ஆல்பம் போட்டபோது, எல்லோரும் ஒரே கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். பால் தாமஸ் ஆண்டர்ஸன் அதைப் படமாக எடுத்தார். கோட்டைப் புறாக்களும் படத்தில் உண்டு. அதில் கனம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

சரி, பெரியப்பாவிடம் வருவோம். “அப்போ நீங்க ஒண்ணு பாடுங்க, நான் பிடிச்சுக்கறேன்” என்று செல்போனை நீட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். நின்றுவிட்டது. வார்த்தை மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை.

“இழுக்காம எப்படித் தம்பி பாடறது?”

உள்ளே போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்தார். வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி, பின்னால் சாய்ந்து நின்றார். அப்புறம் வந்தது பாருங்கள் பாட்டு! எழுபது வயசுக் குரல் தெருவைத் தாண்டிப் போனது. ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது. மருமகள் ஓடிவந்து, “கவர்மென்ட் கட்டுன வூடு, ஜன்னலோட வந்துடப் போவுது மாமா” என்றாள்.

பாட்டு நினைவில் இருப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அது முதுகிலும் குதிகாலிலும் இருந்தது. க்ரோலுக்கு அந்த மேஜை வேண்டியிருந்ததும் இதனால்தான். கருவி போனால் கையில் இருந்த வித்தை எங்கே போய் நிற்கும்? அவரிடம் காசு இருந்தது, மேஜையை வாங்கிவிட்டார். கட்டுமரத்தை யார் வாங்கி வைத்தார்கள்?

சுனாமிக்கு அப்புறம் எங்கள் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்தது. வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால், சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட ஃபைபர் போட் அதிகம். நாலைந்து பேருக்கு ஒரு படகு. கட்டுமரம் என்பது நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட வேண்டும், தோளில் சுமக்க வேண்டும். எஞ்சின் இல்லை, அலையைத் தாண்ட ஆட்கள் சேர்ந்து தள்ள வேண்டும். எல்லாமே சேர்ந்து செய்கிற வேலை, அதனால் எல்லாவற்றுக்கும் பாட்டு. ஃபைபர் போட்டில் எஞ்சின் கயிற்றை ஒருத்தன் இழுத்தால் போதும். கரையேற்ற டிராக்டர் வந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, இதில் அடி எடுத்துக் கொடுத்து யார் பதில் சொல்வது?

உடனே, பழசுதான் உசத்தி என்று நான் ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுமரத்தில் போய் முதுகு ஒடிந்தவர்களிடம் கேட்டால் ஃபைபர் போட்டைக் கும்பிடுவார்கள். பெரியப்பாவே சொன்னார், “அதுல போனவனுக்குத்தான் தெரியும். பாட்டு நல்லாயிருந்துச்சுன்னா வலி எவ்வளவுன்னு பார்த்துக்கோ.” பாட்டுக்காக யாரையும் கட்டுமரத்தில் திரும்ப ஏற்ற முடியாது. ஆனால் அலை கொண்டுபோனது பாதி, நிவாரணம் கொண்டுபோனது மீதி என்பதும் உண்மைதானே? படகு கொடுத்தவர்கள் எத்தனை பேர்! அதில் ஒரே ஒருவராவது, இந்தக் கட்டுமரத்தோடு என்னவெல்லாம் போகப்போகிறது என்று ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்து கேட்டிருக்கலாம். எர்த்சிங்க்காரர்கள் போனது ஆறு தேசம், அவர்கள் கையில் எடுக்க முடிந்தது கைப்பிடி அளவு. அந்தக் கைப்பிடியும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் கனமில்லாத மேளத்தோடும் அந்த ஆல்பத்தை இன்னும் வைத்திருக்கிறேன். டி.வி.டி. பிளேயர்தான் போய்விட்டது.

ஜன்னல் கம்பிப் பாட்டை முதல் தடவை பதிவு செய்ததும் போட்டுக் காட்டினேன். செல்போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். நடுவில் எங்கள் ஆற்றங்கரைத் தொழிற்சாலையின் ஷிஃப்ட் சங்கு ஊதியது அதில் விழுந்திருந்தது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. வேறு ஒன்றுக்குத்தான் முகம் சுளித்தார்.

“பதில் எங்க?”

பதில் சொல்ல ஆள் இல்லையே! அடி எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் கயிற்றை மட்டும் இழுத்திருக்கிறார். செல்போனில் கேட்டால் ஒரு வரி, ஒரு மௌனம், ஜன்னல் கம்பி கிறீச், மறுபடி ஒரு வரி. செபாக்காக இருந்தால் அந்த மௌனத்தில் மியான்மரிலிருந்து நாலு குரல்களைக் கொண்டுவந்து வைத்திருப்பார். பெரியப்பா தெருவில் போன பேரனைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் ஐஸ் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். “நீயும் வா” என்று என்னையும் கயிற்றில் நிறுத்தினார். செல்போனை மருமகளிடம் கொடுத்தோம்.

எந்த எழுத்தில் இழுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது தடவை பதிவானது. ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். போன் மாறி, போன் மாறி, இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. முதலில் அவர் குரல். பிறகு பேரன், பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாகக் கொஞ்சம் பிந்தி, ஸ்ருதி சேராமல் நான். பாதிக்கு மேல் வேகம் இறங்குகிறது. ஏனென்றால் எங்கள் மூன்று பேருக்கும் நிஜமாகவே கை வலித்தது. முடிகிற இடத்தில், “ஜன்னலு, ஜன்னலு!” என்று மருமகள் கத்துவதும் இருக்கிறது.

அவர் 2015-ல் காலமானார். பேரன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். போன வருஷம் கேட்டானென்று அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: “சித்தப்பா, நீங்க ஒரு அடி லேட்டு.”